பி.ரி. பாடவேளையில் இருந்து வந்த மருத்துவம்

சோதனை கிட்டினால் முதலில் பறிபோறது உடற்கல்விப் பாடவேளைதான். கணக்கு சேர் அதைக் கேட்டு வாங்கிவிடுவார். 'சும்மா விளையாட்டுத்தானே' எண்டு நாங்களும் விட்டுவிடுவோம். இயன்மருத்துவத்தின், அதாவது பிசியோதெரப்பியின், வரலாற்றை வாசித்தபிறகுதான் எங்கட அந்த எண்ணம் எவ்வளவு பிழை எண்டு விளங்கியது.

1813 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் பெர் ஹென்றிக் லிங் ஓர் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வைத்தியர் இல்லை. வாள்வீச்சு ஆசிரியர், கவிஞர். மாணவர்களுக்கும் படையினருக்கும் மட்டுமல்ல, நோயாளிகளுக்கும் அவர் பயிற்சிகளை வகுத்தார். அங்கே படித்து அமெரிக்காவின் பொஸ்ரனுக்குப் போன நில்ஸ் பொசே 1894 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'கினிசியோலஜி' என்ற சொல் இருந்தது. எந்த அசைவுக்கு எந்தத் தசை வேலை செய்யுது, ஒரு மூட்டு எவ்வளவு மடங்கும் என்று ஆராயும் படிப்பு அது. உடற்கல்வி ஆசிரியைகளாகப் பயின்ற பெண்கள் இதைக் கற்றார்கள்.

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப்போரில் இறங்கியது. காயப்பட்ட படையினரைத் திரும்ப நடக்கவைக்க ஆட்கள் தேவைப்பட்டபோது, இராணுவம் இந்த ஆசிரியைகளைத்தான் தேடியது. போர்ட்லண்ட் நகரின் றீட் கல்லூரியில் மேரி மக்மில்லன் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களைப் பயிற்றுவித்தார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'புனரமைப்பு உதவியாளர்கள்'. இராணுவ வைத்தியசாலைகளில் வேலை செய்தும் இராணுவப் பதவிநிலை கிடைக்கவில்லை. சிவில் ஊழியர்களாகவே இருந்தார்கள். 1921 இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவி மக்மில்லன். அமெரிக்காவில் இயன்மருத்துவம் ஒரு தொழிலாக நிமிர்ந்தது இப்பிடித்தான்.

லிங்கின் அதே நிறுவனத்தில் படித்த சிக்னே புறுன்ஸ்ற்றோம் பிறகு அமெரிக்கா போய், 1962 இல் 'கிளினிக்கல் கினிசியோலஜி' என்ற பாடநூலை எழுதினார். பாரிசவாதம் வந்தவரின் கை, கால் அசைவு என்ன ஒழுங்கில் மீளுது என்று அவர் வகுத்த படிநிலைகளை இயன்மருத்துவ மாணவர்கள் இண்டைக்கும் படிக்கிறார்கள்.

இப்போது அமெரிக்காவில் பலர் முதலில் கினிசியோலஜியில் இளமாணிப் பட்டம் பெற்று, அதன்பிறகே இயன்மருத்துவம் படிக்கப் போகிறார்கள். அந்த ஒழுங்கில் நியாயம் இருக்கு. நல்லா இருக்கிற கால் எப்படி நடக்குது எண்டு தெரியாதவர், நடக்க முடியாத காலுக்கு என்ன செய்வார்?

'இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?' என்று கலைப்பீடத்தில் இருக்கிற எங்களையும் கேட்கிறார்கள். அந்த ஆசிரியைகள் படித்த நேரத்தில் அவர்களுடைய வேலைக்குப் பெயரே இருக்கவில்லை.