ஞாயிற்றுக்கிழமைச் சோறு

பள்ளிப் பகலுணவின் வரலாற்றைக் கூறுவோர், தட்டில் இட்டது என்ன என்பதையே விரித்துரைப்பர். ஆண்டில் எத்தனை நாள் இட்டார்கள் என்று வினவுவோர் சிலரே. திங்கட்கிழமை இறைவணக்கத்தின்போது சோர்ந்து உட்காரும் பிள்ளைகளைக் கன்னிவாடியில் பலமுறை கண்டவன் நான். ஆதலால் நாட்கணக்கையே இன்று பேசுகிறேன்.

1920 ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவே செலவின் எல்லை. 1956 இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. அரசுப் பணத்தோடு ஊரார் கொடையும் சேர்ந்தது. ஆயினும் ஆண்டுக்கு 200 நாளே உணவு.

1982 ஜூலை 1 அன்று, திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ, 365 நாளும் அடுப்பெரிய வேண்டுமென வகுத்தது. அப்போது நான் இளம் ஆசிரியன். ஞாயிறு நண்பகலில் புத்தகப்பையின்றித் தட்டு மட்டும் ஏந்திப் பிள்ளைகள் வருவர். பெற்றோர் கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களுக்கோ கடலைக்காட்டுக்கோ சென்றிருப்பர். கூலிக்காரருக்கு ஞாயிறு ஏது? பள்ளியில்லா நாளில் சோறு எதற்கு என்று முணுமுணுத்த ஆசிரியரும் இருந்தனர். அவர்தம் வீடுகளில் ஞாயிறன்றுதான் விருந்து!

பின்னர் இது பள்ளிப் பிள்ளைகளுக்கு 220 நாளாகச் சுருங்கியது. தட்டு வளம்பெற்றது உண்மை. 1989 இல் இரு வாரத்துக்கு ஒன்றாயிருந்த முட்டை, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. ஏழாகவில்லை என்பதைக் கவனியுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாட்களுக்கே உரியது. எஞ்சிய 145 நாளும் வீட்டின் பொறுப்பு.

வீட்டுக்கு உதவ வழியில்லாமலில்லை. 2004 இல் வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவளிக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது, அரிசியும் பருப்பும் முட்டையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்பட்டன. அதனை வெள்ளிக்கிழமைதோறும் செய்தால் என்ன?

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது அரிசி கொடுக்க அதிகாரமில்லை. தாய்மார் கூட்டம் கூட்ட முடிந்தது. கம்பங்கூழோடு ஒரு பிடி வேர்க்கடலை, சோற்றோடு பருப்பிட்ட முருங்கைக்கீரை; இவ்விரண்டையும் சனி ஞாயிறுக்கென்று சொல்லிவைத்தோம். வேலிதோறும் முருங்கை நிற்கும் ஊர் எங்களுடையது. ஒரு மூதாட்டி மட்டும் எழுந்து, “கீரை இருக்குதுங்க ஐயா, பருப்புக்கு எங்கே போக?” என்று கேட்டார்.