எழுபத்தைந்து ரூபாவும் ஏழு பிரதிக்கினைகளும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளை பரீட்சையிற் சித்தியடைந்தான் என்ற செய்தி ஊரில் பரவியதும் அயலவர் கேட்கும் அடுத்த கேள்வி "எங்கே உத்தியோகம்?" என்பதே. சீதனப் பேச்சும் அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது. இக்கேள்வி நமக்கு மாத்திரம் உரியதன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், மேற்கு இந்தியாவிலுள்ள பூனா நகரத்துப் பட்டதாரிகளின் வீடுகளிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு அங்கே சில வாலிபர் சொன்ன மறுமொழி இந்தியாவின் சரித்திரத்தில் ஒரு தனி வழியைத் திறந்து வைத்தது. அவ்வழியில் முதலில் நடந்தவர்களையும், அவர்களுக்குள் எழுந்த ஒரு வழக்கையும் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

கோபால் கணேஷ் அகார்க்கர் மிக வறிய குடும்பத்திற் பிறந்தவர். எம்.ஏ. பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதம் மகாராஷ்டிரத்தில் இன்றும் பேசப்படுவது. மகன் பெரிய பரீட்சையொன்றிற் சித்தியடையப் போகிறான், இனிக் கை நிறையச் சம்பளம் வரும் என்று எண்ணி மனக்கோட்டை கட்ட வேண்டாம். வயிற்றுக்குப் போதியதை மட்டும் பெற்றுக்கொண்டு எஞ்சிய காலத்தைப் பிறர் நலத்துக்குச் செலவிடப் போகிறேன் என்பது அதன் கருத்து. வறுமையில் வளர்த்த தாய்க்கு அக்கடிதம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதவில்லை.

1880 ஆம் ஆண்டு சனவரியில் பூனாவில் நியூ இங்கிலிஷ் ஸ்கூல் என்ற பாடசாலை தொடங்கிற்று. அரசினர் பாடசாலை ஆசிரியர் பதவியைத் துறந்து வந்த விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கரும், சட்டப் பரீட்சையிற் சித்தியடைந்தும் நியாயஸ்தலத்தின் பக்கம் போகாத பால கங்காதர திலகரும் அதனைத் தொடங்கினர். அகார்க்கர் அடுத்துச் சேர்ந்தார். சிப்ளூண்கர் முப்பத்திரண்டு வயதாகு முன்னரே 1882 இல் மறைந்தார். ஏனையோர் தளரவில்லை. 1884 இல் தக்காணக் கல்விச் சங்கம் பிறந்தது. 1885 இல் பெர்கூசன் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியில் ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர் இருபது ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். மாதச் சம்பளம் 75 ரூபாவுக்கு மேற்படாது. அரசாங்கக் கல்லூரிகளில் அதே பாடத்தைக் கற்பித்தவர்கள் பெற்றதோடு ஒப்பிட்டால் இது ஓர் உபகாரப் பணம் போன்றதே.

இந்த ஏற்பாட்டின் மாதிரி எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். கடல் கடந்து வந்த பாதிரிமார் சொந்த ஊதியம் கருதாமல் அதைக் கட்டி எழுப்பிய கதையை ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிலே கேட்டு வளர்ந்தோம். பூனாவின் தேசாபிமானிகள் பாதிரிமாரின் மதப் பிரசாரத்தை வன்மையாக எதிர்த்தவர்கள். ஆயினும் கல்லூரி நடத்தும் முறையை வகுக்கையில் அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது, உடைமை யாவற்றையும் சபைக்கே ஒப்புவிக்கும் ஜெசுயித் துறவிகளின் கட்டுப்பாட்டையே. திலகரே அந்தப் பெயரைச் சொல்லி வாதாடினார். எதிரியென்று கருதியவரிடத்தும் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

கோபால கிருஷ்ண கோகலே இக்கூட்டத்தில் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1866 இல் இரத்தினகிரிப் பகுதியிற் பிறந்தவர். சிறு வயதிலே தந்தையை இழந்தார். மூத்த சகோதரர் படிப்பை நிறுத்தி, மாதம் 15 ரூபாச் சம்பளத்தில் ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, அதிலே 8 ரூபாவைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பி வந்தார். தம்பி 1884 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அண்ணன் பட்ட கடனை அடைக்க வேண்டியவர், குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியவர், சட்டம் படித்துப் பொருளீட்டும் எண்ணத்தைக் கைவிட்டு 75 ரூபாக் கல்லூரிக்குப் போனார். தியாகம் என்று நாம் கோகலேயைப் புகழும்போது, அதிலே அந்த 8 ரூபாவின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

தியாகிகள் ஒன்று கூடிய இடத்திலும் சச்சரவு வந்தது. ஆயுள் உறுப்பினர் கல்லூரிக்கு வெளியே வேறு வேலை செய்து பணமோ பதவியோ தேடலாமா என்பதே வழக்கு. கூடவே கூடாது, முழு நேரமும் முழு மனமும் சங்கத்துக்கே என்றார் திலகர். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் ஓய்வு நேரத்திற் சிறிது சம்பாதித்தால் குற்றம் என்ன என்றனர் மற்றவர். கோகலே எழுதிய கணிதப் பாடநூல் நன்றாக விற்பனையாகி அவருக்கு வருமானம் தந்தது. அவர் சார்வஜனிக சபையின் காரியதரிசிப் பதவியை ஏற்றதும் திலகருக்குப் பிடிக்கவில்லை. சமூகச் சீர்திருத்தம் பற்றிய அபிப்பிராய பேதமும் இதனோடு சேர்ந்து கொண்டது. பெரும்பான்மையோர் திலகர் பக்கம் நிற்கவில்லை. 1890 இல் அவர் ஆயுள் உறுப்பினர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

இச்சம்பவத்தைச் சிலர் இரு தலைவர்களின் பொறாமைக் கதையாகச் சொல்லி முடித்து விடுவர். எனக்கு அது அவ்வளவில் முடிவதாகத் தோன்றவில்லை. சேவை செய்கிறவன் எதை உண்டு வாழ்வது, எந்த அளவோடு நிற்பது என்ற கேள்வி அன்று முதன்முதலாக வெளிப்படையாக மேசை மேல் வைக்கப்பட்டது. வாக்கெடுப்பில் தோற்ற திலகரின் கட்சி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய எதிராளியின் கையாலேயே விதியாக எழுதப்பட்டதுதான் விந்தை.

கோகலே வாக்களித்தபடி பணியை முடித்து 1902 இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1905 ஆம் ஆண்டு சூன் மாதம் 12 ஆம் திகதி, நடேஷ் அப்பாஜி திராவிட், கோபால கிருஷ்ண தேவ்தர், அனந்த பட்வர்த்தன் என்னும் மூவரோடு சேர்ந்து பாரத ஊழியர் சங்கத்தை பூனாவில் ஸ்தாபித்தார். அதில் சேர்பவர் ஏழு பிரதிக்கினைகள் செய்ய வேண்டும். நாட்டுக்கே மனத்தில் முதலிடம் தருதல், சுயலாபம் கருதாமை, சாதி மத பேதமின்றி எல்லோரையும் சகோதரராகக் கொள்ளல், தூய வாழ்வு, எவரோடும் சொந்தச் சண்டையில் இறங்காமை, சங்கத்தின் நோக்கத்தை என்றும் கண்முன் வைத்திருத்தல் என்பன ஆறு. எஞ்சிய ஒன்று வழக்கைத் தீர்த்து வைத்தது. தமக்கும் தம் குடும்பத்துக்கும் சங்கம் அளிக்கும் ஏற்பாட்டோடு திருப்தியடைய வேண்டும். தம் சக்தியில் ஒரு பகுதியையேனும் பணம் தேடுவதில் செலவிடலாகாது.

இதிலே "குடும்பத்துக்கும்" என்ற சொல்லை நாம் எளிதாகத் தாண்டிப் போகக் கூடாது. சேவைக்கு வந்தவன் மனைவி மக்களைத் தெருவில் விட்டு வர வேண்டியதில்லை. துறவாடை உடுக்க வேண்டியதுமில்லை. எளிய உணவுக்கு வேண்டியதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்பது உடன்படிக்கை. பொதுவாழ்வைச் சமயவாழ்வு போற் புனிதமாக்க வேண்டும் என்பது கோகலேயின் எண்ணம். ஆனால் அதை இல்லறத்தாருக்கும் இயலுவதாக அவர் ஆக்கினார். துறவு வழியும் அந்நாளில் ஒருபுறம் ஓங்கி வளர்ந்தது. இராமகிருஷ்ண மிஷன் 1897 இல் ஆரம்பமாயிற்று. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை விட்டு 1922 இல் சென்னை மடத்திற் சேர்ந்த நமது விபுலாநந்த அடிகள் அவ்வழியில் சென்றவர். இரண்டும் நல்ல வழிகளே. எனினும் எல்லோராலும் காவி உடுக்க முடியாது. உடுக்க முடியாதவன் உத்தியோகத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையைக் கோகலே மாற்றினார்.

சேர்ந்தவுடனே மேடையேறவும் இடமில்லை. ஐந்து ஆண்டுகள் பயிற்சி; அக்காலத்தில் முதல் உறுப்பினராகிய கோகலே சொல்லும் படிப்பையும் வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்றவர்கள், சிலர் பதவியில் இருந்தவர்கள், மறுபடியும் மாணவராக அமர்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களுள் தமிழர் ஒருவர் முதன்மையானவர். கும்பகோணத்துக்கு அருகேயுள்ள வலங்கைமானில் 1869 இற் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்தவர். 1904 இல் ஆரம்பமான திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். கோகலேயை 1906 இற் கண்டார். 1907 இல் தலைமையாசிரியர் பதவியை உதறிவிட்டுச் சங்கத்தின் பயிற்சி மாணவரானார். அப்போது வயது முப்பத்தேழு. அவரினும் கோகலே மூன்று வயதுதான் மூத்தவர். 1915 பெப்ரவரியில் கோகலே காலமானதும் தலைமை அவரிடம் வந்தது. பின்னாளில் அவருக்குக் கிடைத்த புகழையும் பதவிகளையும் பலர் எழுதியிருக்கிறார்கள். அவை இங்கு வேண்டியதில்லை.

என். எம். ஜோஷி பாடசாலை ஆசிரியர் வேலையை விட்டு 1909 இற் சேர்ந்து, பம்பாய்த் தொழிலாளரிடையே உழைத்தார். தேவ்தர் அதே ஆண்டு இராமாபாய் ரானடேயுடன் பூனாவில் சேவா சதனத்தை உருவாக்கிப் பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் தந்தார். தென்னாபிரிக்காவில் வக்கீல் தொழிலைத் துறந்து வந்த காந்தியடிகளும் 1915 இல் இச்சங்கத்திற் சேர விண்ணப்பித்தார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அவருடைய முறைகளுக்கும் சங்கத்தின் முறைகளுக்கும் பொருந்துமா என்று உறுப்பினருட் சிலர் ஐயுற்றனர். அதை அறிந்த காந்தியடிகள் தாமே விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார், நட்பு குறையவில்லை. சங்கம் தவறு செய்தது என்பார் உளர். மெல்லப் படித்து, கணக்குப் பார்த்து, சட்டசபையிலும் சேரியிலும் ஒரே சமயத்தில் வேலை செய்த சிறு கூட்டம் அது. அந்த வெள்ளத்தை உள்ளே விட்டிருந்தால் கரை நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

வீட்டிலிருந்த பெண்களின் நிலை என்ன? இதற்கு விடை சொல்லத்தக்கவர் கோதுபாய். குழந்தைப் பருவத்திலே விதவையானவர். பண்டித ராமாபாயின் சாரதா சதனத்திற் படித்தவர். பெர்கூசன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோண்டோ கேசவ் கார்வே 1893 இல் அவரை மணந்து ஊராரின் பகிஷ்காரத்தை ஏற்றார். 1896 இல் விதவைகள் இல்லமொன்றைத் தொடங்கிய கார்வே, கையில் வந்ததையெல்லாம் அதற்கே கொடுத்தார். வீட்டு அடுப்பை எரிய வைக்கும் கவலை மனைவியின் தலையில் விழுந்தது. தன்வரலாறு எழுதிய அவ்வம்மையார் இதை ஒளிக்காமற் சொல்கிறார். கணவரின் நோக்கத்தில் அவருக்கும் பற்று உண்டு. ஆனால் தியாகம் செய்வதற்கு முன் தம்மைக் கேட்டிருக்கலாம் என்ற மனத்தாங்கலும் உண்டு. பாரத ஊழியர் சங்கத்தின் விதியிலே குடும்பத்துக்கு இடம் இருந்ததன் அருமை இவ்வம்மையாரை அறிந்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

இவ்வரிசையில் என் மனத்தை மிகக் கவர்ந்தவர் அமிர்தலால் தக்கர். காத்தியவார்ப் பகுதியிலுள்ள பாவநகரில் 1869 நவம்பரில் பிறந்து, 1890 இல் பூனாவில் எஞ்சினியர் பரீட்சையிற் தேறியவர். சமஸ்தானங்களிலும், கிழக்காபிரிக்காவில் உகண்டா ரயில் பாதையிலும் வேலை பார்த்துவிட்டுப் பம்பாய் நகரசபைக்கு வந்தார். நகரத்துக் குப்பையை அள்ளிச் செல்லும் சிறு ரயில் பாதை அவர் பொறுப்பிலிருந்தது. அங்குதான் தோட்டிகளின் குடியிருப்புகளை அவர் கண்டார். நகரைச் சுத்தம் செய்கிறவர்கள் வாழும் இடத்திலே சுத்தமில்லை. வாங்கும் கூலி கடன்காரனுக்கே போய்ச் சேருகிறது. தாழ்த்தப்பட்டோரிடையே உழைத்த விட்டல் ராம்ஜி ஷிண்டேயின் தொடர்பும், தேவ்தரின் தொடர்பும் அவருக்கு ஏற்பட்டன. 1914 இல் எஞ்சினியர் பதவியைத் துறந்து கோகலேயிடம் பிரதிக்கினை செய்தார். அப்போது வயது நாற்பத்து நான்கு. வாலிபத்தின் வேகத்தில் எடுத்த முடிவு என்று எவரும் சொல்ல முடியாது. இருபது ஆண்டுக்கு மேல் சம்பளம் வாங்கி அதன் சுகத்தை அறிந்தவர் விட்டது அது.

பின்னர் முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்தார். பஞ்சம் வந்த இடமெல்லாம் போனார். குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் பஞ்சத்தின்போது பீல் மக்களின் அவலத்தைக் கண்டு, 1922 இல் தாகோதில் பீல் சேவா மண்டலத்தை நிறுவி, பாடசாலைகளும் ஆச்சிரமங்களும் வைத்தியசாலைகளும் அமைத்தார். அம்மக்கள் அவரைப் "பாபா" என்று, அதாவது தந்தை என்று அழைத்தனர். 1932 இல் அரிஜன சேவா சங்கம் தொடங்கியபோது காந்தியடிகள் அதன் காரியதரிசியாகக் கொண்டது இவரைத்தான். கோகலேயின் சங்கத்திலிருந்து விலகாமலே காந்தியடிகளின் வேலையையும் அவர் செய்தார். 1915 இல் பொருந்தாது என்று கருதப்பட்ட இரு வழிகளும் இந்த ஒருவரிடத்திலே பொருந்தின.

சுதந்திரம் வந்த காலத்தில் அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். அசாம் நீங்கலாக ஏனைய மாகாணங்களின் ஆதிவாசிப் பிரதேசங்களைப் பற்றி ஆராய்ந்த உபகுழுவுக்கு அவரே தலைவர். வயது எழுபத்தேழைத் தாண்டியிருந்தும் காடும் மலையுமான அப்பிரதேசங்களுக்கு நேரே சென்று பார்த்தார். 1948 இல் ஆதிவாசிகளுக்கென அகில இந்திய சங்கமொன்று தோன்றவும் அவர் காரணமாயிருந்தார். 1951 சனவரியில், பிறந்த ஊராகிய பாவநகரிலேயே உயிர் நீத்தார்.