தூண்டிற்கோல்: கைத்தொழிலும் ஆலைத்தொழிலும்



ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோட்டத்து அல்லூர் ஓரத்தில் பையன்கள் நாலைந்து பேர் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். ஒருவன் கையில் மூங்கில் கம்பு; அது அவன் தாத்தா வெட்டி, வாட்டி, நிமிர்த்திக் கொடுத்தது. அடுத்தவன் கையில் பட்டணத்துக் கடையில் வாங்கிய பளபளப்பான தூண்டில். அதில் சுழலும் உருளையும் உண்டு. இருவர் முள்ளிலும் ஒரே மண்புழுதான். கெளுத்தி எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? கடைத் தூண்டிலை மூங்கில் கம்புக்காரன் அடிக்கடி ஓரக்கண்ணால் பார்க்கிறான். வீட்டுக்குப் போனதும், "அப்பா, எனக்கும் அது மாதிரி ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பான். அப்பா என்ன பதில் சொல்வது?

தீபாவளிக்குத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதா, கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டையை வாங்குவதா என்று நம் வீடுகளில் பேச்சு எழுவதுண்டு அல்லவா? தூண்டிற்கோலுக்கும் அதே கேள்வி உண்டு. ஓர் ஆளுக்கென்று கைவினைஞர் செய்து தரும் கோல் சிறந்ததா? ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் கோல் சிறந்ததா? இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை இன்று காண்போம்.

ஆதியில் எல்லாக் கோலும் கைக்கோல்தான். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டிலேயே தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் அச்சேறியது. கோலைக் கடையில் வாங்கும்படி அந்த நூல் சொல்லவில்லை. குளிர்காலத்தில் மரக்கிளையை வெட்டு, சூடேற்றி நேராக்கு, உலர்த்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உள்ளே துளையிடு என்று படிப்படியாகக் கற்றுக்கொடுக்கிறது. நம் தாத்தாமார் மூங்கிலை நெருப்பில் வாட்டி நிமிர்த்தியதும் ஏறக்குறைய இதே வேலைதான். எங்கோ பிறந்த இரண்டு மக்கள், ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் ஐரோப்பியக் கைவினைஞர்கள் தூர தேசத்து மரங்களைத் தேடினார்கள். தென் அமெரிக்காவின் கயானாவில் வளரும் 'கிரீன்ஹார்ட்' என்னும் உறுதியான மரம் அவற்றில் பெயர் பெற்றது. 1838ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கப்பலேறிய நாடு அது. கல்கத்தாவிலிருந்து மட்டுமல்லாமல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் அங்கே சென்றன. நம்மவர் கரும்புத் தோட்டத்தில் வியர்வை சிந்திய அதே மண்ணிலிருந்துதான் சீமான்களின் தூண்டிலுக்கும் மரம் போனது.

ஆனால் மரக்கோல் கனமானது. நாள் முழுவதும் வீசினால் தோள் வலிக்கும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது நம் மூங்கில். வங்காளத்திலிருந்து கப்பலில் சென்ற மூங்கிலுக்கு மேல்நாட்டில் 'கல்கத்தா மூங்கில்' என்றே பெயர். அதை முழுக் கம்பாக வைத்துக்கொள்ளாமல், பிளந்து ஒட்டும் முறையை அங்கே வளர்த்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் என்ற ஊரில் வாழ்ந்த சாமுவேல் பிலிப்பி என்பவர், 1840களின் நடுவில் இதில் முன்னோடியாக விளங்கியவராகச் சொல்லப்படுகிறார். துப்பாக்கி செய்வது அவர் தொழில், வயலினும் செய்வார். மரத்தையும் உலோகத்தையும் நுட்பமாகக் கையாளத் தெரிந்த கை அது.

ஏன் பிளக்க வேண்டும்? இதைப் பால்மரம் வெட்டும் நேயர்களுக்கு விளக்குவது எளிது. மரத்தின் பால் முழுவதும் பட்டையில்தான் இருக்கிறது. அதிலும் உள்மரத்தை ஒட்டிய மெல்லிய பகுதியில்தான் அதிகம். உளி சற்று ஆழப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் குறையும். மூங்கிலின் பலமும் அப்படித்தான், ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது. வெளித்தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள நார்களில்தான் அதன் உறுதி முழுவதும். உள்ளே போகப் போக அது மென்மையாகிவிடும். ஆகவே கைவினைஞர் மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, உட்சதையை இழைத்துத் தள்ளிவிட்டு, வெளி நாரை மட்டும் காப்பாற்றுவார். ஒவ்வொரு சிம்பும் முக்கோண வடிவில் இருக்கும். அதன் கோணம் 60 பாகை. அப்படி ஆறு சிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினால், ஆறு பட்டை கொண்ட ஒரே கோல் கிடைக்கும். ஆறு பக்கமும் வெளியே தெரிவது மூங்கிலின் உறுதியான தோற்பகுதியே. கணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே கோல் பலவீனப்படும் என்பதால், அவற்றை மாற்றி மாற்றி அமைப்பார்கள்.

கோல் அடியில் பருத்தும் நுனியில் மெலிந்தும் வர வேண்டும். அந்த மெலிவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் கோலின் வளைவு மாறிவிடும். பிறகு பட்டு நூலால் வளையங்களைச் சுற்றிக் கட்டி, மெருகெண்ணெய் பூச வேண்டும். கைப்பிடிக்குத் தக்கை பொருத்த வேண்டும். ஒரு கோலுக்கு நாற்பது மணி நேரத்துக்கும் மேல் உழைப்பு. விலை எங்கே குறையும்?

இப்போது நம் கதையின் முக்கியமான மனிதரிடம் வருவோம். அவர் பெயர் ஹைரம் லெனர்ட். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பேங்கர் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவரும் துப்பாக்கித் தொழில் அறிந்தவரே. 1871ஆம் ஆண்டு வாக்கில் தமக்காக ஒரு கோல் செய்துகொண்டார். அதைப் பார்த்தவர்கள் விரும்பவே, அதுவே தொழிலாயிற்று. சில ஆண்டுகளுக்குள், மூங்கிற் சிம்பைச் சரியான கோணத்தில் அறுத்துச் சரிக்கும் ஓர் இயந்திரம் அவர் பட்டறையில் இயங்கத் தொடங்கியது. கையால் நெடுநேரம் இழைக்க வேண்டிய வேலையை அது விரைவில் முடித்தது.

அந்த இயந்திரத்தை அவர் பூட்டிய அறைக்குள் வைத்திருந்தார். நம்பிக்கைக்குரிய ஒரு சிலரே உள்ளே போகலாம். 1881இல் பட்டறை நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலி என்ற ஊருக்கு மாறியது. ஆனால், நேயர்களே, அறைக்குப் பூட்டுப் போடலாம்; தொழிலாளியின் கைக்குப் பூட்டுப் போட முடியுமா? தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன் ஆகியோர் அவரிடம் வேலை பார்த்தவர்கள். 1890ஆம் ஆண்டை ஒட்டி இவர்கள் வெளியேறித் தாங்களே கோல் செய்யத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் பெய்ன் குடும்பத்துக் கோல்கள் முதலாளியின் கோல்களுக்கு நிகராகப் போற்றப்பட்டன. தாம் கற்ற தொழிலை அவர்கள் மூட்டையாகக் கட்டிச் செல்லவில்லை. விரல்களிலேயே கொண்டு சென்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் என்றால் மலிவு, கை என்றால் உயர்வு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூங்கிற் கோலில் இயந்திரம் புகழ்பெற்றதே மிக உயர்ந்த கைவினைஞரின் பட்டறையில்தான். சிம்பை அறுத்தது இயந்திரம். மூங்கிலைத் தேர்ந்தெடுத்ததும், கணுவை ஒழுங்குபடுத்தியதும், ஒட்டியதும், கோணலை நிமிர்த்தியதும் மனிதக் கை. அதே வகை இயந்திரத்தை வைத்துக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மான்டேக் போன்ற ஆலைகள் மலிவான கோல்களை ஏராளமாகச் செய்து விற்றன. அவற்றில் தரம் குறைந்தவை பல உண்டு, நல்லவையும் உண்டு. ஆனால் ஓர் உண்மையை மறுக்க முடியாது. பணக்காரர் கையில் மட்டும் இருந்த பிளவு மூங்கிற் கோல், சாதாரணக் கூலித் தொழிலாளியின் கைக்கும் வந்தது ஆலையால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைச் சீன மூங்கில் பிடித்தது. 'டாங்கின்' என்று பெயர் வழங்கினாலும், அது தென் சீனாவில் குவாங்டுங் மாநிலத்தின் ஒரு சிறிய பகுதியில் வளர்வது. 1931இல் அமெரிக்கத் தாவர அறிஞர் மெக்ளூர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அந்தப் பெயரில் 'அழகிய' என்று பொருள்படும் சொல் உண்டு. அதே காலத்தில் எவரெட் கேரிசன் என்ற பொறியாளர், பாலம் கட்டுகிறவர் கணக்குப் போடுவதைப் போல, கோலின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பளு விழும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் தம் கையாலேயே இழைத்தார். 1975இல் அவர் மறைந்தார். அவர் முறை இரகசியமாகப் பூட்டி வைக்கப்படவில்லை. 1977இல் நூலாக வெளிவந்தது. இன்று அதைப் படித்துக் கோல் செய்யக் கற்றவர்கள் பலர்.

1950ஆம் ஆண்டு கொரியப் போர் மூண்டது. அந்தப் போரை நம் நாட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலாயாவில் ரப்பர் விலை விறுவிறுவென்று ஏறிய காலம் அது. 1951இல் ஐக்கிய நாட்டுச் சபை விதித்த தடையால் சீனாவுக்கு மலாயா ரப்பர் செல்வது நின்றது. அந்தப் பக்கம் அமெரிக்காவோ 1950 இறுதியில் சீனப் பொருள்களை நிறுத்தியது. நிறுத்தப்பட்டவற்றில் மூங்கிலும் ஒன்று. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரே போர், இங்கே பால்மரத்தையும் அங்கே தூண்டிற் பட்டறையையும் ஒருங்கே தொட்டது.

மூங்கில் கிடைக்காத அந்த வேளையில் கண்ணாடி நார் தயாராக நின்றது. 1940களில் ஆர்தர் ஹோவால்ட் என்பவர் கண்ணாடி நாரால் கோல் செய்யும் வழியைக் கண்டார். ஷேக்ஸ்பியர் என்ற தூண்டில் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு வழக்கமாகிவிட்ட செய்முறை இதுதான்: கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் தோய்த்து, நுனி மெலிந்த எஃகுக் கம்பியின் மேல் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிடுவார்கள். உள்ளே குழலான கோல் கிடைக்கும். மழையில் ஊறாது, பூச்சி அரிக்காது, மூலையில் போட்டாலும் கோணாது, விலையோ குறைவு. பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. லெனர்ட் தொடங்கிய நிறுவனமும் 1980களில் மறைந்தது.

இதற்கிடையில், 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் உறுதியான கரி நார் உருவாக்கப்பட்டது. 1973இல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் அதிலிருந்து தூண்டிற்கோல் செய்து விற்றது. கண்ணாடி நாரைவிட இது மெலிது, இலேசானது, விறைப்பானது. இன்று கடைகளில் நாம் காணும் கோல்களில் மிகப் பல இந்த இரண்டில் ஒன்றாகவோ, இரண்டும் கலந்தவையாகவோ இருக்கின்றன.

அப்படியானால் இன்று 'கையால் செய்து தரும் கோல்' என்றால் என்ன? மூங்கிலை இழைப்பவர்கள் உலகில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கைவினைஞர்கள், ஆலையில் வார்த்த வெறுங்கோலை வாங்கி, அதற்கு வளையம், உருளைப் பிடி, கைப்பிடி ஆகியவற்றைப் பொருத்துகிறார்கள். துணியைச் சுற்றி வார்ப்பதால், குழலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று விறைப்பாக இருக்கும். நல்ல கைவினைஞர் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கேற்ப வளையங்களைக் கட்டுவார். உங்கள் கையின் நீளம், நீங்கள் பிடிக்கும் மீன், நீங்கள் நிற்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். வளையம் கழன்றால் திரும்பக் கட்டித் தருவார். ஆக, ஆலையும் கையும் இன்று ஒரே கோலில் சேர்ந்திருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் முதலில் தன்னைக் கேட்க வேண்டியது, நான் எங்கே, என்ன மீன் பிடிக்கப் போகிறேன் என்பதே. அல்லூரிலும் ஓடையிலும் கெளுத்தியும் விராலும் பிடிக்க, ஆலையில் செய்த எளிய கண்ணாடி நார்க் கோல் தாராளமாகப் போதும். முரட்டுப் பிள்ளைகளின் கையிலும் அது தாங்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து மீன் பிடித்து, தன் கைக்கு எது ஒத்து வருகிறது என்று தெரிந்த பிறகு, கைக்கோலுக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. கடன் வாங்கியோ தவணையிலோ கைக்கோல் வாங்குவது வேண்டாம்.

கடையில் வாங்கும்போது நான்கு காரியம் செய்யுங்கள். கண்ணருகே வைத்து நீள வாக்கில் பார்த்து, நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை நுழைத்து இழுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் உண்டு, அது தங்கூசியை அறுத்துவிடும். இரண்டு துண்டும் இணையும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைவு ஒரே இடத்தில் மடங்காமல் சீராக ஓட வேண்டும். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: கரி நார் மின்சாரத்தைக் கடத்தும். இடி மின்னல் நேரத்திலும், மின்கம்பிகளின் கீழும் அந்தக் கோலை ஒருபோதும் தூக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

நேயர்களே, மகனுக்குக் கடைத் தூண்டில் வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை. அவனுக்கும் அந்த மகிழ்ச்சி வேண்டும். ஆனால் வாங்கிக் கொடுப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தாத்தாவிடம் அனுப்புங்கள். எந்த மூங்கில் முற்றியது, எப்படி வாட்டுவது, எந்தப் பக்கம் நிமிர்த்துவது என்று அவன் கற்றுக்கொள்ளட்டும். கடைக் கோல் ஒருநாள் முறியும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் கையில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. லெனர்டின் தொழிலாளர்கள் பூட்டிய அறையை விட்டு வெளியே வந்தபோது கொண்டு வந்ததும் அதைத்தான்.