பவுடர் பாலிலிருந்து பசும்பாலுக்கு: "ஒரு வயது" என்ற கணக்கு எப்படி வந்தது?



கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இந்த வாக்குவாதம் அடிக்கடி காதில் விழுகிறது. "ஆறு மாசம் ஆச்சே, இன்னும் எதுக்கு டப்பா பவுடர்? நல்ல பசும்பாலைக் கொடு" என்கிறார் மாமியார். "ஒரு வயது முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்கிறாள் மருமகள். மாமியாருக்கு விஞ்ஞானம் தெரியாது என்று மருமகள் நினைக்கிறாள். மருமகள் பணத்தை வீணாக்குகிறாள் என்று மாமியார் நினைக்கிறார். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இருவர் பக்கத்திலும் மருத்துவர்கள் நின்றிருக்கிறார்கள், வேறு வேறு காலத்தில். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கும் குழந்தைக்கு இந்தக் கேள்வியே எழாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1838இல் ஜெர்மானிய வேதியியலாளர் யோஹான் ஃபிரான்ஸ் சைமன் தாய்ப்பாலையும் பசும்பாலையும் பகுத்து ஆராய்ந்து, இரண்டும் ஒன்றல்ல என்று எழுதினார். பசும்பாலில் புரதம் மிக அதிகம், சர்க்கரை குறைவு. இன்றைய அளவில் சொன்னால் 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 1 கிராம் புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கும் மேல். கன்று வேகமாக வளர வேண்டும். மனிதக் குழந்தைக்கு அந்த அவசரம் இல்லை.

இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் முயற்சிதான் பவுடர் பாலின் வரலாறு. 1860களில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற புகழ்பெற்ற வேதியியலாளர் கோதுமை மாவும் முளைகட்டிய தானிய மாவும் சேர்த்து ஒரு குழந்தை உணவைத் தயாரித்தார். அதைப் பசும்பாலில்தான் கரைக்க வேண்டும். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே, பாலையும் மாவையும் சர்க்கரையையும் சேர்த்து உலர்த்தி, தண்ணீரில் கரைத்தாலே போதும் என்ற வகையில் விற்றார். பால் கிடைக்காத நகரத்துத் தாய்க்கு அது பெரிய வசதி.

அன்று நகரத்துப் பாலின் நிலைமை படுமோசம். நியூயார்க்கில் சாராய ஆலைக் கழிவைத் தின்று, நோயில் கிடந்த மாடுகளின் பால் விற்கப்பட்டது. 1858இல் ஃபிராங்க் லெஸ்லியின் வாரப் பத்திரிகை அதைப் படங்களோடு அம்பலப்படுத்தியது. 1893இல் நாதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் அதே நகரில் கிருமி நீக்கிய பாலை ஏழைகளுக்கு மலிவாகக் கொடுக்கும் நிலையங்களைத் தொடங்கினார். குழந்தைக்கு எந்த வயதில் பசும்பால் என்று அந்தக் காலத்தில் கேட்க வழியில்லை. கைக்கு வந்த பால் குழந்தையைக் கொல்லாமல் இருக்குமா என்பதே கவலை.

பிறகு டின் பால் காலம் வந்தது. அமெரிக்காவில் 1930களிலிருந்து 1950கள் வரை கோடிக்கணக்கான குழந்தைகள் வீட்டிலேயே கலக்கிய பாலில் வளர்ந்தார்கள். சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால் 13 அவுன்ஸ், தண்ணீர் 19 அவுன்ஸ், மக்காச்சோளப் பாகு இரண்டு மேசைக்கரண்டி. மருத்துவர்களே எழுதிக் கொடுத்த கணக்கு இது. கூடவே ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் கொடுப்பார்கள். சில மாதங்களில் பாகை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பசும்பாலுக்கு மாற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் பசும்பால் குடிப்பது அன்றைய ஒழுங்கான பழக்கம். மாமியார் தரப்பின் வாதம் இந்தக் காலத்தைச் சேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா டின் பாலும் ஒன்றல்ல. சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கைக் குழந்தை உணவாக விற்றதால் குழந்தைகள் இறந்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் தன் உரைக்கு "பாலும் கொலையும்" என்றே தலைப்பு வைத்தார். அந்த டின் இன்றும் கடையில் இருக்கிறது. பாயசத்துக்குச் சரி, பச்சிளங்குழந்தைக்கு ஆகாது.

பசும்பால் குடித்த குழந்தைகள் கொழுகொழுவென்றுதான் இருந்தார்கள். ஆனால் பலருக்கு ரத்தசோகை. பிறக்கும்போது உடலில் இருக்கும் இரும்புச்சத்து நான்கு முதல் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். அதன் பிறகு குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் 11 மில்லிகிராம் வேண்டும் என்பது இன்றைய அமெரிக்கக் கணக்கு. ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். அதோடு பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மூளை வேகமாக வளரும் வயதில் இரும்புக் குறைவு வந்தால், அதன் பாதிப்பு படிப்பு வரைக்கும் தொடரலாம். 1959இல் இரும்புச்சத்து சேர்த்த குழந்தைப் பால் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததும் இதனால்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பசும்பால் சில குழந்தைகளின் குடலில் மிக நுண்ணிய ரத்தக்கசிவை உண்டாக்குகிறது என்ற ஐயம் மருத்துவர்களுக்கு இருந்தது. ஆனாலும் 1983இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வேறு உணவும் போதிய அளவு உண்ணும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு பசும்பால் தரலாம் என்றது. 1990இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஏக்ஹார்ட் சீக்லரும் சாமுவேல் ஃபோமனும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தரை மாதக் குழந்தைகள் 52 பேர். குலுக்கல் முறையில் சிலருக்குப் பசும்பால், மற்றவர்களுக்குப் பவுடர் பால். முதல் 28 நாட்களில் பசும்பால் குடித்தவர்களின் மலத்தைச் சோதித்தபோது 30 சதவீத மாதிரிகளில் ரத்தத்தின் தடயம் இருந்தது. பவுடர் பால் குழுவில் 5 சதவீதம். நாளாக ஆக அந்தக் கசிவு குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. வரவு குறைவு, செலவு அதிகம் என்றால் குடும்பம் கடனில் விழாதா? குழந்தையின் இரும்புக் கணக்கும் அப்படித்தான்.

1992இல் அதே கழகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, முதல் ஆண்டு முழுவதும் பசும்பால் வேண்டாம் என்று அறிவித்தது. மருமகள் சொல்லும் "ஒரு வயது" இங்கிருந்து வருகிறது.

அதே 1992இல் நம் நாட்டில் தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களின் விளம்பரத்தைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. பவுடர் பால் விஷயத்தில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை, ஆனந்தில் எச்.எம். தலாயா 1950களில் பொய்யாக்கிக் காட்டினார். அதிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஆக, டப்பாவில் இருப்பதும் மாட்டுப்பாலோ எருமைப்பாலோதான், குழந்தைக்கு ஏற்றபடி மாற்றி இரும்பும் வைட்டமினும் சேர்த்தது.

கதை 1992இல் முடிந்துவிடவில்லை. கனடாவில் 9 மாதத்திலிருந்தே, இரும்புள்ள உணவு நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்குப் பசும்பால் தரலாம் என்கிறார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம், தாய்ப்பால் அல்லாத பால் குடிக்கும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குப் பவுடர் பாலோ விலங்குப் பாலோ தரலாம் என்றும், ஒரு வயதுக்கு மேல் விலங்குப் பாலே போதும், அந்த வயதுக்கென்று விற்கும் தனி பவுடர்கள் தேவையில்லை என்றும் சொன்னது. நாட்டுக்கு நாடு மாதம் மாறினாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்: இரும்புச்சத்து பாலிலிருந்து வராது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே என் யோசனை இவ்வளவுதான். ஒரு வயது வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு. அதற்கு முன் பணமோ வேறு காரணமோ நெருக்கினால், நீங்களாக முடிவெடுக்காமல் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். மாற்றும்போது ஒவ்வொரு வேளையாக மாற்றுங்கள். கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலக்காமல், புட்டியை விட்டுத் தம்ளரில் கொடுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வயிறு பாலாலேயே நிறைந்தால் பருப்பும் கீரையும் முட்டையும் உள்ளே போகாது, ஒரு வயதுக்குப் பிறகும் ரத்தசோகை வரும்.

மருமகள்களே, உங்கள் மாமியார் தன் காலத்து மருத்துவம் சொன்னதைச் செய்து உங்கள் கணவரை ஆளாக்கியவர். அதை மனதில் வைத்துப் பேசுங்கள். மாமியார்களே, மருத்துவம் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் பேரனுக்கு அந்தத் திருத்தத்தின் பலன் கிடைக்கட்டும்.

குழந்தைகள் அனைவருக்கும் என் ஆசிகள்.