காப்பீட்டு நிறுவன விற்பனையில் கணிப்பாளர் மதிப்பீடு

காப்பீட்டு நிறுவனம் கைமாறும்போது விலைக்கு அடித்தளமாக இருப்பது, ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளரின் மதிப்பீடு. ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் இன்று வருகிறது. இழப்பீட்டை முப்பது ஆண்டு கழித்தும் கொடுக்க நேரலாம். எனவே கையிருப்பை வைத்து லாபம் சொல்ல முடியாது. இறப்பு விகிதம், வட்டி, நிர்வாகச் செலவு, பாதியில் கைவிடப்படும் பாலிசிகள் எல்லாவற்றையும் அனுமானித்தே கணக்குப் போட வேண்டும்.

நிறுவன விற்பனைச் சட்டத்தில் இம்மதிப்பீடு இடம்பிடித்தது விலை பேச அல்ல, பாலிசிதாரரைக் காக்க. இங்கிலாந்தின் ஆல்பர்ட் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை, பொறுப்புகளோடு சேர்த்து விழுங்கி, 1869இல் சரிந்தது. மறு ஆண்டே ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் சட்டம் வந்தது. இணைப்புக்கு நீதிமன்ற ஒப்புதலும் கணிப்பாளர் அறிக்கையும் கட்டாயமாயின. மொத்தக் காப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு உரியவர்கள் மறுத்தால் இணைப்பு நடக்காது என்றும் அச்சட்டம் விதித்தது.

இந்தியாவில் 1956இல் 245 காப்பீட்டு அமைப்புகளின் ஆயுள் காப்பீட்டு வணிகம் நாட்டுடைமையாகி, அரசின் எல்.ஐ.சி.யிடம் சேர்ந்தது. விற்பவருக்குப் பேரம் பேச இடமில்லாத விற்பனை அது. பங்குதாரருக்கு உபரியில் பங்கு ஒதுக்கிவந்த நிறுவனங்களின் இழப்பீட்டுக்கு, முந்தைய மதிப்பீடுகள் காட்டிய அந்தப் பங்கின் ஆண்டுச் சராசரியைப் போல் 20 மடங்கு என்பது அடிப்படை. சென்னையின் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காகத் தொடங்கிய மவுண்ட் ரோடு கட்டடம் எல்.ஐ.சி. கட்டடமானதும் இந்த மாற்றத்தில்தான்.

கடந்தகால உபரியை விட்டு வருங்கால லாபத்தைப் பார்க்கும் முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கக் கணிப்பாளர் ஜே.சி.எச். ஆண்டர்சன். பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்தில் எதிர்கால லாபத்தைக் கழிவிட்டு இன்றைய மதிப்பாக்கும் அவரது கட்டுரை 1959இல் வெளிவந்தது. நிகரச் சொத்துடன், நடப்பிலுள்ள பாலிசிகள் இனித் தரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் கிடைப்பதைச் சந்தை ‘எம்பெடட் வேல்யூ’ என்கிறது. இனிப் பிடிக்கப்போகும் பாலிசிகளுக்கு இதில் இடமில்லை. பேரம் சூடுபிடிப்பது அந்த இடத்தில்தான்.

2021இல் எச்.டி.எஃப்.சி. லைஃப், எக்ஸைட் லைஃபை 6,687 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டபோது எக்ஸைடின் எம்பெடட் வேல்யூ 2,711 கோடி; விலை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மறு ஆண்டு எல்.ஐ.சி.யின் 3.5 விழுக்காட்டுப் பங்கை அரசு விற்றது. மில்லிமன் நிறுவனம் கணித்த எம்பெடட் வேல்யூ 5.39 லட்சம் கோடி. 949 ரூபாய் வெளியீட்டு விலை அதைப் போல் 1.1 மடங்குதான். அதுவும் அதிகம் என்றே சந்தை நினைத்தது: மே 17 அன்று, முதல் நாள் வணிகத்திலேயே, பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது.