எவரும் தொடாத வரிகள்: சோதனைப் பரவலை அளந்த வரலாறு

மும்பையின் துறைமுக ரயில் தடத்தில் உள்ள மான்குர்த்தை அடுத்து அணுசக்தி நகர் அமைந்துள்ளது. 1983 நவம்பர் 15 அன்று நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் அங்குதான் உள்ளது. கனநீர் உலைகளின் கணினிசார் அமைப்புகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டியை அவ்வாரியம் 2010இல் வெளியிட்டது. உலையைக் காக்கும் மென்பொருள் போதிய அளவு சோதிக்கப்பட்டதா என்பதை எதைக் கொண்டு அறிவது? இவ்வினா அவ்வாரியத்தினும் பழையது.

நிரலின் ஒவ்வொரு கிளைவழியும் ஒருமுறையேனும் இயங்கும்படி சோதனைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1963இல் மில்லரும் மலோனியும் முன்வைத்தனர். இயங்கிய பகுதியின் விகிதமே பின்னர் ‘கவரேஜ்’, அதாவது சோதனைப் பரவல், எனப் பெயர் பெற்றது. ஒருவர் ஓர் அமர்வில் சோதிக்கும்வரை கணக்கு எளிது. பலர் சோதிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நூறு வரிகள் கொண்ட நிரலில் இருவர் ஆளுக்கு 60 வரிகளை இயக்கியதாகக் கொள்வோம். கூட்டினால் 120, அது பொருளற்றது. சராசரி 60; அதுவும் தவறு. 45 வரிகள் இருவருக்கும் பொதுவெனில், உண்மைப் பரவல் 75. ஆகவே சதவீதங்களை இணைத்தல் பயனற்றது. எந்தெந்த வரிகள் இயங்கின என்னும் பதிவுகளையே இணைக்க வேண்டும். ஜிசிசி தொகுப்பியுடன் வரும் ஜிகவ் கருவி இதையே செய்கிறது: ஒவ்வோர் இயக்கத்தின் எண்ணிக்கையும் முந்தைய பதிவோடு சேர்கிறது. ஆனால் நிரல் மாறியபின் பழைய பதிவு புதியதோடு சேராது. வெவ்வேறு பதிப்புகளைச் சோதித்தவர்களின் உழைப்பை ஒரே கணக்கில் எழுத இயலாது.

பயனர் பன்மை ஏன் முதன்மையானது என்பதைத் தெராக்-25 என்னும் கனடியக் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி உணர்த்தியது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் மிகைக் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர், சிலர் இறந்தனர். டெக்சாஸின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் நேர்ந்த விபத்துக்குப்பின், உற்பத்தியாளரின் பொறியாளர்கள் எவ்வளவு முயன்றும் அக்கோளாறு மீண்டும் தோன்றவில்லை. ஏப்ரலில் இன்னொரு விபத்து நேர்ந்தது. அதன்பின், பயிற்சி பெற்ற இயக்குநர் தமக்கு இயல்பான வேகத்தில் தரவைத் திருத்தியபோதுதான் அது வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டச்சிட்டவர் ஒருபோதும் அதைக் கண்டிருக்க மாட்டார்.

1999இல் பாவ்லோபுலூவும் யங்கும், ஆய்வகச் சோதனையில் எஞ்சிய பகுதிகளை மட்டும் பயன்பாட்டுக் காலத்தில் கண்காணிக்கும் முறையை உருவாக்கினர். 2002இல் போரிங், ஓர்சோ, ஹரோல்டு ஆகியோர் அக்கண்காணிப்பைப் பல பயனர்களிடையே பகிர்ந்தளித்தனர். ஒவ்வொருவரிடமிருந்தும் சிறு பகுதி, இணைந்தால் முழுச் சித்திரம்.

இவ்வரலாறு தரும் படிப்பினை இருமுகம் கொண்டது. எவரும் தொடாத வரிகளைப் பரவல் ஐயமின்றிக் காட்டும். ஒருவர் தொட்ட வரி எல்லோருக்கும் சரியாக இயங்கும் என்று அது உறுதி கூறாது. பாதுகாப்பு மென்பொருளின் அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியது மேலே அச்சிட்ட சதவீதமன்று, கீழே எஞ்சி நிற்கும் பட்டியலே.