கடைசி முழம்

யேமனின் ஹராஸ் மலைகளில் வீடுகளைப் பாறை உச்சியில் கட்டியிருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில் அந்த மொட்டைமாடிகள் சிவந்துவிடும். கையால் பறித்த காப்பிப் பழத்தைத் தோலோடு அப்படியே பரப்பிக் காயவைக்கிறார்கள். பழம் சுருங்கிக் கறுத்து, குலுக்கினால் உள்ளே கொட்டை கடகடக்கும்வரை வெயில் வேண்டும். பிறகு உடைத்துத் தோலைப் பிரிப்பார்கள். தோலையும் எறிவதில்லை, இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் அது 'கிஷ்ர்'. விளைவிக்கிறவர் வீட்டில் அதைக் குடித்துக்கொள்வார்கள். விலைபோகும் கொட்டை மூட்டையில் ஏறிவிடும்.

அந்தக் கொட்டைக்கு அரபியில் 'புன்', பானத்துக்கு 'கஹ்வா'. வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த நம்மவர்கள் 'காவா' என்பார்கள். செடியின் பூர்வீகம் செங்கடலுக்கு அக்கரையில், எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடு. அதை ஊரறியும் பானமாக்கியவர்கள் யேமன் சூஃபிகள். இரவு முழுக்க இறைநாமம் ஓதும் திக்ருக்குக் கண் அயராமல் இருக்க வேண்டும். அதற்காக 15-ஆம் நூற்றாண்டில் இதைக் குடித்தார்கள். அவர்களோடு அது கெய்ரோவுக்கும் போனது. அங்கே அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில் கூடிய யேமனியர் எப்படிக் குடித்தார்கள் என்பதை 16-ஆம் நூற்றாண்டில் அல்-ஜஸீரி தொகுத்த நூல் பதிவுசெய்திருக்கிறது. செம்மண் பானையில் காப்பி இருக்கும். தலைவர் சிறு அகப்பையால் மொண்டு கொடுப்பார். கிண்ணம் வலப்பக்கமாகவே நகரும். இந்த வலப்பக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1511-இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் இதைத் தடைசெய்தார். ஆள்கள் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் அவர் கண்ணை உறுத்தியது என்று நினைக்கிறேன். கெய்ரோவிலிருந்த மேலிடம் அந்தத் தடையை ஏற்கவில்லை. அதன்பின் மோக்கா துறைமுகம் செழித்ததும், டச்சுக்காரர்கள் செடியை ஜாவாவுக்குக் கொண்டுபோய் யேமனின் ஏகபோகத்தை உடைத்ததும் எல்லாரும் அறிந்த வியாபாரக் கதை. நாம் பாலைவனத்துப் பக்கம் போவோம்; கொட்டை அங்கேதான் தன் துணையைச் சந்திக்கிறது.

அந்தத் துணை நம் மலையிலிருந்து போகிறது. தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன்பே ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்கள், இடுக்கியின் தோட்டங்களில் செடியின் அடித்தூரில் குனிந்து பறிக்கிற ஏலக்காய். 'ஸ்டோர்' என்கிற உலர்த்தும் அறையில் பச்சை நிறம் போகாமல் காயவைத்து, அளவுவாரியாகச் சலித்து, போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வருகிறது. திரண்ட, பச்சை மாறாத காய்க்கு அரபு நாடுகளில் தனி மதிப்பு. கடந்த நூற்றாண்டில் குவாத்தமாலாவும் இதைப் பயிரிட்டு அந்தச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அரபியில் அதன் பெயர் 'ஹேல்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நம் 'ஏலம்' கேட்கும்.

இரண்டும் சேரும் இடம் விருந்தாளியின் கண்ணெதிரே இருக்கும் அடுப்பு. பழைய முறையில் காப்பி உள்ளறையில் தயாராகி வருவதில்லை. நீண்ட கைப்பிடியுள்ள இரும்புக் கரண்டிச் சட்டியில் கொட்டையைக் கிண்டிக் கிண்டி வறுப்பார்கள். ஜோர்டான் பக்கத்துப் பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் நன்றாகக் கறுக்க விடுவார்கள். வளைகுடாவில் பொன்னிறம் தட்டியதும் இறக்கிவிடுவார்கள். பிறகு பித்தளை உரலில் இடி. அது வெறும் இடியல்ல, ஒரு தாளம். குழவி அடியில் மோதும், சுவரில் உரசும், மறுபடி மோதும். அந்த ஓசை கூடாரம் தாண்டிப் போகும். கேட்டவர் வரலாம், இங்கே காப்பி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அழைப்பிதழே வேண்டாம்.

பெரிய பாத்திரத்தில் கொதித்து அடங்கியது, ஏலம் போட்ட சிறிய 'தல்லா'வுக்கு மாறும். இடை சிறுத்து, மூக்கு பறவை அலகுபோல வளைந்த கூஜா அது. அமீரகத்தின் ஒரு திர்ஹம் நாணயத்தில் பார்த்திருப்பீர்கள். அலகின் தொண்டையில் பேரீச்சை நாரைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். தூளும் தொலியும் அதில் நின்றுவிடும். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது. இனிப்புக்குத் தட்டில் பேரீச்சம்பழம் இருக்கிறது.

கடலையும் மலையையும் தாண்டி வந்த சரக்குக்கு இனி மிச்சமிருப்பது ஒரு முழ தூரம், கூஜாவிலிருந்து கைக்கு. முழுப் பயணத்திலும் கட்டுப்பாடு மிகுந்த தூரம் இதுதான்.

ஊற்றுகிறவர் நிற்க வேண்டும். தல்லா இடக்கையில், 'ஃபின்ஜான்' என்கிற பிடியில்லாத குட்டிக் கிண்ணங்கள் வலக்கையில் ஒன்றுக்குள் ஒன்றாக. முதல் கிண்ணம் மூத்தவருக்கோ முக்கிய விருந்தாளிக்கோ. பிறகு வரிசை வலப்பக்கமாக நகரும். அல்-அஸ்ஹரின் மண்பானையைச் சுற்றி நகர்ந்த அதே திசை. வாங்குகிறவரும் வலக்கையால்தான் வாங்க வேண்டும். அளவு கால் கிண்ணம். இங்கேதான் புதிதாகப் போன தமிழர் திகைப்பார். தளும்பத் தளும்ப ஊற்றுவதை மரியாதையாக அறிந்தவர்கள் நாம். அங்கே விளிம்புவரை நிரப்பினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். கால் கிண்ணம் கொடுத்தவர் உங்களிடம் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. கிண்ணம் காலியானதா என்று உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. விருந்தோம்பல் என்பதை இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்த வேறொரு வழக்கத்தை நான் அறியேன்.

போதுமென்றால் வாய் திறக்க வேண்டாம். விரல்களுக்கிடையே கிண்ணத்தை இரண்டு மூன்று முறை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். பெதூயின்கள் முதல் மூன்று கிண்ணங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: முதலாவது 'தைஃப்', விருந்தாளிக்கு, இரண்டாவது 'கைஃப்', சுகத்துக்கு, மூன்றாவது 'ஸைஃப்', வாள். மூன்றாவதையும் குடித்தவர், வீட்டுக்காரருக்கு ஆபத்து வந்தால் கூட நிற்பேன் என்று ஒப்புக்கொண்டவராகிறார்.

குடிக்காமலிருப்பதற்கும் பொருள் உண்டு. ஜோர்டானில் பெண் கேட்டோ சமாதானம் பேசியோ பெரியவர்கள் ஒரு வீட்டுக்குப் போகும்போது, வந்தவர்களில் தலையாயவர் கொடுத்த கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்துவிடுவார். பேச்செல்லாம் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் நடக்கும். கேட்டு வந்தது கிடைத்தது, காப்பியைக் குடியுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே அது வாய்க்குப் போகும். சொல்லாமல் ஆறவிடுவது வீட்டுக்காரருக்குப் பெரிய தலைக்குனிவு.

2015-இல் சவூதி, அமீரகம், ஓமான், கத்தார் நான்கும் சேர்ந்து கேட்க, யுனெஸ்கோ இந்த வழக்கத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று பல வீடுகளில் கொட்டை மின் இயந்திரத்தில் அரைபடுகிறது, காப்பி ஃபிளாஸ்கில் நிற்கிறது. கால் கிண்ணமும் வலக்கையும் மட்டும் மாறவில்லை.

துக்க வீட்டுக்கும் இதே தல்லா போகும். பாலஸ்தீனத்திலும் ஜோர்டானிலும் மற்ற நாட்களில் குடித்து முடித்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது 'தாயிமெ' என்பார்கள், இந்த வீட்டில் என்றும் காப்பி இருக்கட்டும் என்று. துக்க வீட்டில் அந்தச் சொல் கூடாது. அதே கசப்பைக் குடித்து, இறந்தவர்மேல் இறைவனின் கருணை உண்டாகட்டும் என்று மட்டும் முணுமுணுத்துக் கிண்ணத்தை நீட்டுவார்கள். ஊற்றுகிறவர் அதை வாங்கிக்கொண்டு வலப்பக்கம் அடுத்தவரிடம் போவார்.